எக்ஸ் கதிர் வானத்துக்கு ஒரு பொதுப் பட்டியல்

வானொலி நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

கொழும்பில் இரவு வானத்தை நிமிர்ந்து பார்த்தால் தெரிகிற நட்சத்திரங்கள் கொஞ்சம்தான். ஆனால் இன்று நான் சொல்ல வந்த வானம் பிதுருதலாகல உச்சியில் ஏறி நின்றாலும் தெரியாது. எக்ஸ் கதிர்களை வளிமண்டலம் உறிஞ்சிவிடுகிறது. அதனால்தான் 1962இல் ஒரு கருவியை ரொக்கெட்டில் மேலே அனுப்பி, சூரிய குடும்பத்துக்கு வெளியே முதல் எக்ஸ் கதிர் மூலத்தை, அதாவது எக்ஸ் கதிரை வெளிவிடும் பொருளை, விருச்சிகத்தில் கண்டுபிடித்தார்கள்.

1970இல் கென்யக் கரையோரத்திலிருந்து ஏவப்பட்ட உகுரு செய்மதியின் நான்காவது பட்டியலில் 339 மூலங்கள் இருந்தன. 2024 ஜனவரியில் வந்த ஈரோசிட்டா என்ற விண் தொலைநோக்கியின் பட்டியலில், பாதி வானத்துக்கு மட்டும், சுமார் 9 இலட்சம்! இடையில் ரோசாட், சந்திரா, எக்ஸ்எம்எம்-நியூட்டன், சுவிஃப்ட் என்று வேறு விண் தொலைநோக்கிகள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பட்டியல்.

சரி, ஒரே பொதுப் பட்டியல் வேண்டுமென்றால் எல்லாவற்றையும் சேர்த்து ஒட்டிவிட்டால் போதாதா? போதாது. பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரியும் அடையாள அட்டையில் வேறு மாதிரியும் பெயர் எழுதப்பட்டு நம்மவர்கள் படுகிற பாடு உங்களுக்குத் தெரியும். வானத்திலும் அதேதான். சிக்னஸ் எக்ஸ்-1 என்ற கருந்துளைக்கு உகுரு பட்டியலில் உள்ள பெயரில் 1956 என்று வருகிறது. அது ஆண்டு அல்ல, வானத்தில் அது இருக்கும் இடத்தைக் குறிக்கும் 19 மணி 56 நிமிடம் என்ற ஆள்கூறு. இன்றைய முறைப்படி அது 19 மணி 58 நிமிடம். பூமியின் அச்சு மெல்லத் திரும்புவதால் வருகிற, பஞ்சாங்கம் கணிப்பவர்கள் அயனாம்சம் என்று கணக்கில் எடுக்கிற அதே நகர்வுதான் காரணம். 50 ஆண்டுகளில் அது முழுநிலவின் அகலத்தையும் தாண்டிவிடும்.

இதைக் கணக்குப் போட்டுத் திருத்தலாம். அதைவிடச் சிக்கலானது கருவிகளின் கூர்மை. வானம் முழுவதையும் அளந்த ரோசாட், ஒரு மூலம் இந்த வட்டத்துக்குள் எங்கோ இருக்கிறது என்றுதான் சொல்லும். அதே வட்டத்துக்குள் சந்திரா இரண்டு மூன்று புள்ளிகளைப் பிரித்துக் காட்டக்கூடும். அதில் எது பழைய மூலம்? நிகழ்தகவாகத்தான் விடை சொல்ல முடியும். அந்த நிகழ்தகவையும் பட்டியலில் எழுதியே ஆகவேண்டும்.

இன்னொன்றை நான் உறுதியாகச் சொல்வேன்: வெவ்வேறு காலத்து ஒளிர்வுகளைச் சராசரியாக்கி ஒரே எண்ணாக எழுதக் கூடாது. தொலைவில் உள்ள ஒரு விண்மீன் மண்டலத்தின் நடுவை 1992இல் ரோசாட் பிரகாசமாகக் கண்டது. 2001இல் சந்திரா பார்த்தபோது அது ஏறத்தாழ 200 மடங்கு மங்கியிருந்தது. அங்கே இருந்த பெருங்கருந்துளை ஒரு நட்சத்திரத்தைக் கிழித்துவிட்டது என்று விளக்கினார்கள். யாராவது அந்த இரண்டு எண்களையும் சராசரியாக்கியிருந்தால், அந்த நட்சத்திரத்தின் கதை நமக்குத் தெரிந்தே இருக்காது.

இந்தப் பட்டியல்கள் எல்லாமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகளே, இப்படிப்பட்ட பட்டியல்களைப் பொருத்திப் பார்க்க உதவும் டொப்காட் என்ற மென்பொருளும் இலவசம்தான். முதலில் ரோசாட், சந்திரா இரண்டையும் இறக்கி, வானத்தில் ஒரு சிறு துண்டை மட்டும் எடுத்துப் பொருத்திப் பாருங்கள். பொருந்தாமல் மிஞ்சுகிறவற்றை மட்டும் அழித்துவிடாதீர்கள், தனியாக எடுத்து வையுங்கள்.