46 என்பது ஒருவரின் பனியன் எண்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க ஃபுட்பால் பார்க்கத் தொடங்குகிறவர்களின் கண் பந்து போகிற பக்கமே போகும். எனக்கும் ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தது. பந்து கிளம்புவதற்கு முந்தைய சில விநாடிகளில், அதைத் தடுக்க நிற்கிற 11 பேரைப் பாருங்கள். சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது.

பந்து வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். தடுப்பவர்களின் அணிவகுப்புக்குப் பெரும்பாலும் கணக்கைப் பார்த்தே பெயர். 4-3 என்றால் முன்வரிசையில் தரையில் கை ஊன்றி நிற்கும் லைன்மேன்கள் நான்கு, பின்னால் லைன்பேக்கர்கள் மூன்று. மிச்சம் நான்கு பேரில் இருவர் ஓரங்களைக் காக்கும் கார்னர்பேக்குகள், இருவர் ஆழத்தில் நிற்கும் சேஃப்டிகள்.

சரி, 1985இல் சிகாகோ பேர்ஸ் அணியைப் பிரபலமாக்கிய ‘46’ எந்தக் கணக்கு? எந்தக் கணக்கும் இல்லை. டக் பிளாங்க் என்ற சேஃப்டியின் பனியன் எண் அது. பயிற்சியாளர் பட்டி ரயன் அதையே அணிவகுப்புக்குப் பெயராக்கிவிட்டார். 1985இல் பிளாங்க் அணியிலேயே இல்லை. எண் மட்டும் தங்கிவிட்டது.

ரயன் செய்தது இதுதான். ஆழத்தில் நிற்க வேண்டிய ஒரு சேஃப்டியை லைன்பேக்கர்கள் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். எதிரணியின் முன்வரிசை நடுவில் நின்று பந்தைப் பின்னால் கொடுக்கும் சென்டர், அவருக்கு இருபுறமும் உள்ள கார்டுகள் ஆகிய மூவருக்கும் நேர் எதிரே ஆளுக்கொரு லைன்மேன். வழக்கமாக இந்த மூவரில் ஒருவருக்குக் கை ஓய்வாக இருக்கும். பக்கத்து ஆளோடு சேர்ந்து ஒருவனை அமுக்குவார். இங்கே அதற்கு வழியில்லை. முன்னால் எட்டுப் பேர் நெருங்கி நிற்க, அவர்களில் யார் யார் பாய்வார்கள் என்பது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்குக்குத் தெரியாது. நடுவில் பேர்ஸின் லைன்பேக்கர் மைக் சிங்கிள்டரி, விழி பிதுங்கப் பார்த்தபடி நிற்பார். அந்தக் கண்களைத் தொலைக்காட்சியில் பார்த்தாலே நமக்கு உதறும்.

1986 ஜனவரி 26, நியூ ஆர்லியன்ஸில் சூப்பர் பௌல் என்னும் இறுதிப் போட்டி. எதிரணியான நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் ஆட்டம் முழுக்க ஓடிச் சேர்த்தது மொத்தம் 7 கெஜம்! ஸ்கோர் 46-10. அந்த 46 வெறும் தற்செயல்தான், ஆனாலும் நினைத்தால் சிரிப்பு வருகிறது.

அந்தப் பருவத்தில் பேர்ஸ் தோற்றது ஒரே ஒருமுறை. டிசம்பர் 2 அன்று மயாமி டால்ஃபின்ஸ் 38-24 என்று வீழ்த்தியது. மயாமி, எறியும் பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவர்கள் மூவரை விரித்து நிறுத்தியது. சேஃப்டி முன்னே வந்துவிட்டால் அவருக்குப் பின்னால் இடம் காலிதானே? மயாமியின் குவார்ட்டர்பேக் டான் மரீனோவோ பந்தைக் கையில் வைத்துக்கொண்டே இருக்கிற ஆள் இல்லை. பாய்பவர் வந்து சேருவதற்குள் எறிந்துவிடுவார்.

இன்றைக்கு மூன்று ரிசீவர்கள் என்பது சர்வசாதாரணம். அதனால் ஒரு லைன்பேக்கரை வெளியே அனுப்பிவிட்டு, பின்வரிசைக்கு ஐந்தாவது ஆளைக் கொண்டுவருகிறார்கள். அமெரிக்காவின் ஐந்து சென்ட் நாணயத்தை வைத்து அதற்கு ‘நிக்கல்’ என்று பெயர். 46ஐ ஆட்டம் முழுக்க ஆடுகிறவர்கள் இப்போது இல்லை. ஆனால் இன்னும் ஒரே ஒரு கெஜம்தான் பாக்கி என்ற நிலை வரும்போது கவனியுங்கள்: பின்னாலிருந்து ஒரு சேஃப்டி மெல்ல நடந்து முன்னே வருவார், குவார்ட்டர்பேக் அவரையே விரல் நீட்டிக் காட்டிக் கத்துவார்.

நன்றி, வணக்கம்.