முதலில் காதில் விழுவது

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய திகில் படங்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்திலிருந்து அழைத்தபோது, "படத்தைக் காட்ட முடியாத இடத்தில் படத்தைப் பற்றி என்ன பேசுவது?" என்று கேட்டுவிட்டேன். தொலைபேசியை வைத்த பிறகுதான் உறைத்தது. சிறுகதைகளிலிருந்து பிறந்த நல்ல திகில் படங்களில், எனக்குத் தெரிந்த சில, கண்ணைவிடக் காதைத்தான் நம்பியிருக்கின்றன. அவற்றைப் பற்றிப் பேச வானொலி பொருத்தமான இடம்தான்.

அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1839-இல் எழுதிய 'அஷர் மாளிகையின் வீழ்ச்சி' கதையை எடுத்துக்கொள்வோம். பால்ய நண்பன் வரச் சொல்லிக் கடிதம் எழுதினான் என்று ஒருவன் குதிரையில் வந்து இறங்குகிறான். நண்பன் ரோட்ரிக் அஷருக்கு விசித்திரமான நோய். ருசியுள்ள சாப்பாடு ஆகாது. பூவாசம் ஆகாது. மங்கலான வெளிச்சம்கூடக் கண்ணை வதைக்கும். நரம்புக் கருவிகளின் சில நாதங்களைத் தவிர எந்த ஒலியைக் கேட்டாலும் நடுக்கம். அவனுடைய இரட்டைச் சகோதரி மேடலின் இறந்துபோகிறாள். நண்பர்கள் இருவரும் சேர்ந்து சவப்பெட்டியை நிலவறைக்குத் தூக்கிச் சென்று, மூடியைத் திருகாணி போட்டு இறுக்கிவிட்டு வருகிறார்கள்.

ஏழெட்டு நாள் கழித்து ஒரு புயல் இரவு. ரோட்ரிக்கைத் தேற்றுவதற்காக நண்பன் ஒரு பழைய வீரக்கதையை உரக்கப் படிக்கிறான். வீரன் கதவைப் பிளக்கும் இடம் வருகிறது. மாளிகையின் ஏதோ ஒரு மூலையில் மரம் பிளக்கும் சத்தம். கதையில் பறவைநாகம் அலறுகிறது. எங்கோ தொலைவில் ஓர் அலறல். கதையில் பித்தளைக் கேடயம் தரையில் விழுகிறது. கீழே உலோகம் அதிர்கிறது. படித்துக்கொண்டிருந்தவன் துள்ளி எழுகிறான். ரோட்ரிக் மட்டும் நாற்காலியில் ஆடியபடி முணுமுணுக்கிறான்: அவளை உயிரோடு வைத்து மூடிவிட்டோம், பல நாளாகவே எனக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறது, சொல்லத் துணிவு வரவில்லை என்று. உயிரோடு புதைத்ததுகூட அறியாமல் நடந்தது. ஆனால் கேட்டுக்கொண்டே பேசாமல் இருந்தானே, அந்த இடத்தில்தான் எனக்கு ஈரக்குலை நடுங்கும்.

இந்தக் கதையை 1928-இல் பிரான்சில் ழான் எப்ஸ்டைன் மௌனப் படமாக எடுத்தார். காதால் துடிக்கிற ஒருவனின் கதை, ஒலியே இல்லாமல்! அவர் கருவிகளைக் காட்டினார். அதிரும் கிதார் தந்திகள், ஆடும் கடிகார ஊசல், சவப்பெட்டியில் இறங்கும் சுத்தியல். பார்க்கிறவன் அந்தச் சத்தத்தைத் தானே மனத்துக்குள் எழுப்பிக்கொள்கிறான். மேடலினை அவர் சகோதரியிலிருந்து மனைவியாக மாற்றியது எனக்கு உடன்பாடில்லை. அது வேறு வழக்கு.

அமெரிக்காவில் ரோஜர் கோர்மன் 1960-இல் எடுத்தது வண்ணப் படம். சுமார் மூன்று லட்சம் டாலர் செலவு, 15 நாள் படப்பிடிப்பு. தயாரிப்பு நிறுவனத்தார், "இதில் அரக்கன் எங்கே?" என்று கேட்க, "வீடுதான் அரக்கன்" என்று சமாளித்ததாகக் கோர்மன் பிற்பாடு சொல்லியிருக்கிறார். சமாளிப்பாக இருந்தாலும் உண்மை. சின்னக் கதையை 80 நிமிடத்துக்கு இழுக்க வேண்டும் என்பதால், திரைக்கதை எழுதிய ரிச்சர்ட் மாதிசன் நண்பனை மேடலினின் காதலனாக்கிவிட்டார். அவன் மாளிகைக்குள் நுழைந்ததும் வேலைக்காரக் கிழவர் முதலில் கேட்பது என்ன தெரியுமா? பூட்ஸைக் கழற்றச் சொல்கிறார். எஜமானரின் காது காலடிச் சத்தத்தைத் தாங்காது! நோயைப் பற்றிப் போ எழுதிய நீண்ட வர்ணனை முழுவதும் ஒரு ஜோடி பூட்ஸில் அடங்கிவிட்டது. ரோட்ரிக்காக வரும் வின்சென்ட் பிரைஸ், மீசையை மழித்து, தலைமுடியை வெளுக்க வைத்து, தன் குரலே தன்னைக் காயப்படுத்திவிடும் என்பதுபோலத் தாழ்ந்த தொனியில் பேசுகிறார்.

குறையும் உண்டு. சவப்பெட்டியில் கிடக்கும் மேடலினின் விரல் அசைகிறது. அண்ணன் அவசரமாக மூடியைச் சாத்துகிறான். நாம் கண்ணால் பார்த்தாயிற்று, அதற்குப் பிறகு காதுக்கு என்ன வேலை? அந்தப் புயல் இரவு வாசிப்பும் படத்தில் இல்லை. ஒருமுறை திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து இந்தப் படத்தை வெறுமனே கேட்டுப் பார்த்தேன். மரச்சட்டங்கள் முனகுவதும் பிரைஸின் குரலும் போதுமாக இருந்தன. கடைசித் தீ விபத்துக்காகக் கோர்மன் இடிக்கப்படவிருந்த ஒரு களஞ்சியத்தை நிஜமாகவே எரித்துப் படம்பிடித்தார். அதே தீயை அடுத்தடுத்த படங்களிலும் பயன்படுத்திக்கொண்டார். சிக்கனம்!

அடுத்த ஆண்டே கோர்மன் எடுத்தது போவின் 'குழியும் ஊசலும்'. மூலக்கதையில் ஒரு கைதி, ஓர் இருட்டறை, மேலிருந்து இறங்கும் கத்தி, அவ்வளவுதான். அது படத்தின் கடைசிப் பகுதிக்குத்தான் போதுமானதாக இருந்தது. மீதியை மாதிசன் இட்டுக்கட்டினார். இறந்துபோன மனைவி இரவில் ஹார்ப்சிகார்ட் என்ற, பியானோ மாதிரியான பழைய வாத்தியத்தை வாசிப்பது கணவனுக்குக் கேட்கிறது. எல்லாம் சூழ்ச்சி, அவள் சாகவே இல்லை. முடிவில் அந்த மனைவி, அதாவது அவளாக நடித்த பார்பரா ஸ்டீல், வாய் கட்டப்பட்டு இரும்புப் பெட்டிக்குள் அடைபட்டிருக்கிறாள். அது தெரியாமல், இனி இந்த அறையை யாரும் திறக்கப்போவதில்லை என்று சொல்லிக் கதவை மூடிவிட்டுப் போகிறார்கள். இடுக்கு வழியே இரண்டு கண்கள் மட்டும் தெரிகின்றன. அத்தனை சத்தம் போட்ட படம் அங்கே வாயடைத்துப் போகிறது.

நம் நாட்டுக்கு வந்தால், தாகூரின் 'மணிஹாரா'. 1961-இல், தாகூர் நூற்றாண்டில், சத்யஜித் ராய் 'தீன் கன்யா' என்ற மூன்று கதைப் படத்தில் அதையும் சேர்த்தார். நகைப் பித்துப் பிடித்த மனைவி நகைகளோடு வீட்டைவிட்டுப் போய்விடுகிறாள். தாகூரின் கதையில், நள்ளிரவில் ஆற்றுப் படித்துறையிலிருந்து ஒரு சத்தம் ஏறி வருகிறது. எலும்பு படியில் தட்டும் டக் டக், அதோடு சேர்ந்து நகைகளின் ஜல் ஜல். நம் சினிமா பேய்களின் கொலுசுக்குப் பழகிய காதுக்கும் அந்த 'டக் டக்' புதிது. படத்தில் ராய் கடைசியில் வளையல் போட்ட எலும்புக் கையைக் காட்டிவிடுகிறார். நான் காட்டியிருக்கமாட்டேன்.

ஆனால் அவர் வேறோர் இடத்தில் ஈடுகட்டிவிட்டார். படித்துறையில் உட்கார்ந்து இந்தக் கதையை ஒரு பள்ளிக்கூட வாத்தியார் சொல்லிக்கொண்டிருக்கிறார். போர்வையைப் போர்த்தியபடி முன்பின் தெரியாத ஒருவர் பொறுமையாகக் கேட்கிறார். கதை முடிந்ததும் அந்த ஆள், நன்றாக இருந்தது, ஆனால் தப்பும் தவறுமாகச் சொல்கிறீர்கள் என்கிறார். கதையில் வரும் கணவனின் பெயரைத் தன் பெயராகச் சொல்லிவிட்டு, வாத்தியார் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறைந்துபோகிறார்.

நன்றி, வணக்கம்.