டெலுசன் போட்ட வட்டிக் கணக்கு

நடுவர் அவர்களே, வணக்கம். 'வணிக வங்கியாளர் பீட்டர் டெலுசன் சாமர்த்தியசாலியா, பேராசைக்காரரா?' இதுதான் தலைப்பு. மதத்துக்காகப் பிரான்சை விட்டு ஓடிய ஹியூகனோ (பிரெஞ்சுப் புராட்டஸ்டண்ட்) வம்சத்துப் பிள்ளை, 1760-இல் லண்டனுக்கு வந்து தன் திறமையாலேயே பெரும் பணக்காரர் ஆனார் என்று எதிரணி நண்பர் உருகினார். நானே ஒரு நிமிடம் கைதட்டியிருப்பேன்.

ஆனால் வந்தவர் ஒன்றும் வெறுங்கையோடு வரவில்லை. அப்பா பாரிசில், அன்று தனிக் குடியரசாக இருந்த ஜெனீவாவின் தூதர். அண்ணனுக்கு அங்கேயே வங்கி. அதில் பங்காளி யார் தெரியுமா? பிற்காலத்தில் பிரெஞ்சு மன்னரின் கஜானாவைப் பார்த்துக்கொண்ட ஜாக் நெக்கர்!

லண்டனில் எப்படிச் சம்பாதித்தார்? கரீபியன் தீவுகளில் அடிமைகளை வைத்து நடந்த தோட்டங்களுக்குக் கடன் கொடுத்தார். கடன் திரும்பாவிட்டால் தோட்டமே கைக்கு வந்தது. இவர்தான் உயிலில், உழைத்து நேர்மையாகச் சேர்த்த சொத்து இது, நாடாளுமன்றம் கைவைக்காது என நம்புகிறேன் என்று எழுதினார். உழைத்தது யார், ஐயா?

அந்த உயிலுக்கு வருகிறேன். 1797-இல் இறந்தார். மனைவி மக்களுக்குச் சுமார் 1 லட்சம் பவுண்டு. மீதி ஏறக்குறைய 6 லட்சம் பவுண்டு பூட்டி வைக்கப்பட்டது. மூன்று மகன்களும், அப்போதிருந்த பேரன்களும் ஒருவர் விடாமல் கண்ணை மூடும்வரை வட்டி மேல் வட்டியாகக் குட்டி போட வேண்டும். அப்புறம்தான் ஆண் வாரிசுகளுக்கு. பெற்ற பிள்ளைகளைப் பந்தி ஓரத்தில் நிற்க வைத்துவிட்டு, பிறக்காதவனுக்கு இலை போட்டிருக்கிறார்!

குடும்பம் கோர்ட்டுக்குப் போனது. உயில் செல்லும் என்று 1805-இல், அன்றைக்கு உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை சொல்லிவிட்டது. கடைசிப் பேரன் போனது 1856-இல். அதோடு முடிந்ததா? 'மூத்த ஆண் வாரிசு' யார் என்று இன்னொரு வழக்கு, 1859 வரை. சொத்து பல கோடி பவுண்டாகும் என்று அன்றைக்குப் பயந்தவர்கள் உண்டு. கடைசியில் மிஞ்சியது அவர் விட்டுப்போனதை விடக் கொஞ்சம்தான் அதிகம் என்கிறார்கள். வட்டியைக் கணக்கில் சேர்த்த சாமர்த்தியசாலி, வக்கீல் ஃபீஸைச் சேர்க்கவில்லை.

அவர் இறந்து மூன்றே வருடத்தில், 1800-இல், இனி யாரும் இப்படி வருமானத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பூட்டி வைக்கக் கூடாது என்று நாடாளுமன்றமே சட்டம் போட்டது. அதற்கு 'டெலுசன் சட்டம்' என்றே பெயர் விழுந்தது. சாமர்த்தியத்தைத் தடுக்க எந்த நாடாவது சட்டம் போடுமா? அடுத்து வரும் எதிரணி நண்பர் இதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசட்டும், நடுவர் அவர்களே!