கையும் காலும் விலையா?

வணக்கம் நேயர்களே. சாதாரண தரப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறவன் நான். விலை எக்கச்சக்கமாகக் கூடினால் ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வார்கள் என்று பேச அழைத்திருக்கிறார்கள்.

நாங்கள் ‘ஆனை விலை, குதிரை விலை’ என்போம். ஆங்கிலத்தில் அதிகம் அடிபடுவது ‘கொஸ்ட்ஸ் அன் ஆம் அன்ட் எ லெக்’. ஒரு கையையும் ஒரு காலையும் கொடுத்தால்தான் வாங்கலாமாம். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் அமெரிக்காவில் பரவிய தொடர். அந்தக் காலத்து ஓவியர்கள் கை, கால் வரையக் கூடுதல் காசு கேட்டதால் வந்தது என்று ஒரு கதை உலாவுகிறது; அதற்கு ஆதாரம் இல்லை. போரில் அவயவம் இழந்து திரும்பிய படையினரை வைத்து வந்திருக்கலாம் என்பவர்களும் உண்டு.

வன்னியில் ஒரு வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுப்பது லேசான காரியம் இல்லை. முன்வாங்கில் பிள்ளையின் அப்பா, வயலால் ஏறும்போது ஜெய்ப்பூர்க் கால் என்கிற செயற்கைக் காலில் அப்பிய சேற்றை வாய்க்காலில் கழுவிவிட்டு வருகிறவர். பின்வாங்கில் இருப்பவனின் அக்காவுக்கு ஒரு கை இல்லை. போர் 2009இல் முடிந்தது. கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் அதற்குப் பிறகும் ஆண்டுக்கணக்காக முகமாலை மண்ணைக் கிளறினார்கள். அந்தப் பிள்ளைகளிடம் ஒரு போனுக்குக் கையையும் காலையும் விலை சொல்ல எனக்கு வாய் வராது. ‘கொஸ்ட் எ பொம்’ என்பதும் அப்படித்தான். பிரித்தானியருக்கு அது நிறையக் காசு, அவ்வளவுதான். இங்கே குண்டு என்றால் குண்டுதான்.

அதற்காக ஒளிக்கவும் முடியாது. வாசிக்கும் பகுதியில் வந்தால் பிள்ளை திகைத்து நிற்கக்கூடாது. கண்டால் பொருள் தெரியட்டும், வசனம் எழுத வேறு தொடர் எடுங்கள் என்று படிப்பிக்கிறேன். மற்ற ஆசிரியர்களிடமும் இதைத்தான் கேட்டுக்கொள்கிறேன்.

வேறு தொடருக்கு என்ன பஞ்சம்? அநியாய விலை கொடுத்து வாங்கினால் ‘பே த்ரூ த நோஸ்’. ‘டேலைட் றொபரி’ எங்கள் பகல் கொள்ளையேதான். பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340க்குப் போனது. அதை வைத்து எழுதச் சொன்னால், பம்ப் வைத்து இறைக்கிற தோட்டக்காரரின் பிள்ளைகள் அகராதியைத் தேடுவதில்லை. அப்பா கான் எடுத்துப் போனது, பாதி எண்ணெயோடு திரும்பியது, மிளகாய்க்கன்று வாடியது எல்லாம் வசனமாக வந்துவிடும். எழுத்துப்பிழையைப் பிறகு திருத்தலாம்.

நன்றி, வணக்கம்.