புது டி.என்.ஏ.வைச் சுற்றி வைப்பது யார்?

நேயர்களுக்கு வணக்கம்.

நம் உடலின் ஒரு செல்லில் உள்ள டி.என்.ஏ.வை நீட்டிப் பிடித்தால் ஏறக்குறைய 2 மீட்டர் வரும். அது அடங்கியிருக்கும் உட்கருவோ மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான். பம்பரத்தில் சாட்டையைச் சுற்றுவதுபோல ஹிஸ்டோன் என்ற புரதங்களின் மேல் சுற்றி வைத்தால்தான் ஆயிற்று. எட்டு ஹிஸ்டோன்கள் சேர்ந்து ஓர் உருண்டை; அதன் மேல் டி.என்.ஏ.வின் 147 எழுத்து இணைகள், இரண்டு சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாக. இதுதான் நியூக்ளியோசோம். இவை வரிசையாக அமைந்த மொத்தக் கட்டுமானம் குரோமாட்டின்.

சரி, செல் பிரியுமுன் டி.என்.ஏ. நகலாக வேண்டுமே? நகலெடுக்கும் இயந்திரம் வரும் வழியில் உருண்டைகள் கழல்கின்றன. பின்னால் வெளிவருவதோ இரண்டு டி.என்.ஏ. பழைய ஹிஸ்டோன்கள் பாதிக்குத்தான் காணும். மீதிக்கான புது ஹிஸ்டோன்களை செல் அந்த நேரம் பார்த்துத்தான் ஏராளமாகத் தயாரிக்கிறது. முன்கூட்டியே குவித்துவைத்தால் வம்பு. ஹிஸ்டோனுக்கு நேர் மின்னேற்றம், டி.என்.ஏ.வுக்கு எதிர் மின்னேற்றம். தனியே விட்டால் கண்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் எப்போதும் ஒரு துணைப் புரதம் கூடவே போகும்.

அந்தத் துணைக்கு எது புது டி.என்.ஏ. என்று எப்படித் தெரிகிறது? எனக்கு இதில் மிகவும் பிடித்த கேள்வி இது. அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் புரூஸ் ஸ்டில்மன் குழுவினர் மனித செல்லின் சாற்றைச் சோதனைக் குழாயில் ஊற்றி, வட்டமான டி.என்.ஏ. ஒன்றை நகலெடுக்க வைத்தார்கள். நகல் வந்தது, சுற்றப்படவில்லை. உட்கருவின் சாற்றைச் சேர்த்ததும் சுற்றிக்கொண்டது. எப்படித் தெரிந்தது என்கிறீர்களா? ஒவ்வொரு நியூக்ளியோசோமும் வட்டத்துக்கு ஒரு முறுக்கு ஏற்றும். புரதத்தை நீக்கிய பிறகு ஜெல் என்ற கூழில் மின்சாரம் பாய்ச்சி ஓடவிட்டால், முறுக்கேறிய டி.என்.ஏ. முந்திக்கொண்டு ஓடும்.

அந்தச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்த துணைப் புரதம்தான் காஃப்-1. ஆண்டு 1989. நகலெடுக்கும்போது டி.என்.ஏ.வைச் சுற்றி பி.சி.என்.ஏ. என்ற புரத வளையம் ஒன்று சறுக்கிக்கொண்டு போகும்; வேலை முடிந்தும் சிறிது நேரம் அங்கேயே தங்கும். அந்த வளையம்தான் காஃப்-1க்கு அடையாளம் என்பதை அதே ஆய்வகம் 1999-ல் காட்டியது. வளையத்தைக் கழற்றினால் அடையாளமும் போய்விடுகிறது.

அப்புறம் பழைய ஹிஸ்டோன்கள். எந்த மரபணு வேலை செய்ய வேண்டும், எது அடங்கிக் கிடக்க வேண்டும் என்பதற்கான வேதிக் குறிகள் அவற்றில் உண்டு. நகலெடுக்கும் இயந்திரத்தின் உறுப்புகளே அவற்றைப் பிடித்து இரண்டு நகல்களுக்கும் பங்கிடுகின்றன என்று 2018-ல் வந்த ஆய்வுகள் காட்டின.

இந்தச் சுற்றும் வேலை குறைந்தால் என்ன ஆகும்? அராபிடாப்சிஸ் செடியில் காஃப்-1 பழுதானால் தண்டு தட்டையாகிவிடுகிறது. எலியின் இணைப்புத் திசு செல்களில் அதைக் குறைத்தபோது, அவற்றை, பல வகைச் செல்லாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்லாக மாற்றுவது எளிதாகிவிட்டது.

நன்றி, வணக்கம்.