காது குடுங்க, கூடவே ஒரு பெஞ்சும் குடுங்க

மேடைல இருக்குற தலைவர் ஐயா அவர்களே, வேலையெல்லாம் விட்டுட்டு வந்திருக்குற நம்ம கவுன்சிலர் அம்மா அவர்களே (ஒரு கைதட்டல் குடுங்கப்பா, இன்னும் சத்தமா), பாக்ஸிங் மாஸ்டர் அண்ணே, சால்வை போட்ட கேரம் கிளப் நண்பர்களே, மைக் செட் தம்பி, முன்னாடி தரைல உக்காந்திருக்குற தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தா கோச்சுக்காதீங்க.

நம்ம வீட்டு ஆளுங்க மனசு விட்டுப் பேசினா எப்படிக் கேக்குறதுன்னு பேசச் சொல்லியிருக்காங்க. மூணு விஷயம் சொல்றேன். மொதல் விஷயம், கேட்டத வெளிய விடாதீங்க. உலை வாய மூடலாம், ஊர் வாய மூட முடியாதுன்னு எங்க ஆயா சொல்லும்.

காசிமேட்டுல தெரிஞ்ச அண்ணன் ஒருத்தரு. ஏப்ரல் 15-லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, கைல காசு புரளாது, ஆனா தண்டல்காரனுக்கு ஏது தடைக்காலம், அவன் கடன் வசூலுக்கு தெனம் வருவான்ல. அண்ணன் அண்ணியோட செயின அடகு வச்சிட்டாரு. மனசு தாங்காம டீக்கடைல கூட்டாளிகிட்ட மட்டும், "யார்கிட்டயும் சொல்லாத மச்சான்"னு சொல்லிட்டாரு. மச்சான் யார்கிட்டயும் சொல்லல, பொண்டாட்டிகிட்ட மட்டும் சொன்னான். அந்தம்மா தண்ணி லாரி வரிசைல நின்னுச்சு. மொதல் குடம் ரொம்புறப்போ செயின் அடகு. அஞ்சாவது குடத்துல செயின வித்தாச்சு. லாரி கெளம்புறதுக்குள்ள போட்டையே எழுதிக் குடுத்துட்டாருன்னு ஆயிடுச்சு! அண்ணன் வீட்டுக்கு வந்தா வாசல்ல அண்ணி நிக்குது, கைல தொடப்பம். சிரிக்கிறீங்க. அதுக்கப்புறம் அந்த மனுஷன் வாயே தொறக்கல, அதச் சொல்லத்தான் வந்தேன். உலை வாய மூடலாம்...

கடைசில அவர பேச வச்சது அவங்க அத்தை. படிக்கட்டுல உக்காந்து எறா உரிச்சிட்டிருந்துச்சு, நிமிந்து மூஞ்சியப் பாக்கல, "உம், அப்புறம்?" அவ்ளோதான். "நான் அப்பவே சொன்னேன்ல"ன்னு ஒரு வார்த்தை இல்ல. ஒரு கூடை எறா முடியறதுக்குள்ள அண்ணன் மொத்தத்தையும் கொட்டி அழுதுட்டாரு. ரெண்டாவது விஷயமும் இதுலயே வந்துடுச்சு, நடுவுல பூந்து புத்தி சொல்லாதீங்க.

அப்புறம் இந்தக் கிண்டல். எவனாவது தூக்கம் வரலன்னா "கீழ்ப்பாக்கம் போடா"ங்கறோம். அது 1794-ல ஆரம்பிச்ச மனநல ஆஸ்பத்திரிங்க, சீக்குக்கு வைத்தியம் பாக்குற எடம், அதக் கெட்ட வார்த்தையாக்கிட்டா எந்தப் புள்ள வாயத் தொறக்கும்? செத்துடலாம் போல இருக்குன்னு ஒருத்தர் சொன்னா, ரகசியம்னு நீங்க மட்டும் வச்சிக்காதீங்க, தனியா விடாதீங்க, 14416-க்கு போன் போடுங்க, டெலி மானஸ்னு கவர்மென்ட்டோட மனநல உதவி நம்பர், தமிழ்லயே பேசுவாங்க, காசு கெடையாது.

மூணாவது... அது இருக்கட்டும், கவுன்சிலர் அம்மா கெளம்புறதுக்குள்ள இதச் சொல்லிடுறேன். பத்துக்குப் பத்து ரூம்ல ஆறு பேர், டிவி ஓடுது, பக்கத்து வீட்டுச் செவுரு நம்ம செவுரு, இதுல பொண்ணு அம்மாகிட்ட எங்கம்மா உக்காந்து பேசும்? மாடிக்குப் போனா மாடில நாலு பேரு. தெருமுனை பார்க்க எட்டு மணிக்குப் பூட்டுறாங்க, உள்ள இருந்த பெஞ்சும் ஒடஞ்சு கெடக்கு. ராத்திரி பத்து வரைக்கும் தொறந்து வைங்க, செவுத்தோரமா நாலு கல் பெஞ்ச் போடுங்க, பொம்பளைங்க பயமில்லாம உக்கார லைட்டு ஒண்ணு. நாலு வருஷமா எந்த மேடை ஏறுனாலும் இதத்தான் கேக்குறேன், இவனுக்கு வேற பேச்சே இல்லன்றாங்க, இல்லதான்.

மனு மேடைக்குப் பக்கத்து டேபிள்ல இருக்கு. சுண்டல் வாங்கப் போறதுக்கு முன்னாடி கையெழுத்து போட்டுடுங்க, பேனாவ மட்டும் வச்சிட்டுப் போங்க. வணக்கம்.