கிளிக்கு வெளிச்சம் காட்டியவர்

நேயர்களுக்கு வணக்கம்.

ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு என்று எங்கள் வேலூரைக் கேலி பேசுவார்கள். கோட்டைக்கு வருகிறவர்களுக்குக் காசு வாங்காமல் சுற்றிக்காட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், இதைக் கேட்டதும் ஒரு விரலை மடக்குவார். "சாமி 1981லேயே வந்தாச்சு. ஒண்ணைக் கழிச்சுக்குங்க." சத்துவாச்சாரியிலிருந்து லிங்கம் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பிய அன்று அந்தக் கூட்டத்தில் நின்றவர் அவர். போன மாதம் காலமானார்.

ஓய்வுபெற்ற தபால்காரர். நான் அப்போது குடியாத்தம் பக்கம் சரித்திர வாத்தியார். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கோட்டைக்கு அழைத்து வந்தேன். 1806 ஜூலை 10ஆம் தேதி நடந்த வேலூர்ச் சிப்பாய்ப் புரட்சியின் கதையை அவர் சொன்னார். தோல் வைத்த புதுத் தலைப்பாகை, நெற்றிக்குறி கூடாது, கடுக்கன் கூடாது என்ற உத்தரவு, விடியுமுன் சிப்பாய்கள் எழுந்தது, திப்புவின் கொடி ஏறியது எல்லாம் சொல்லிவிட்டு, அதை அடக்க ஆங்கிலேய அதிகாரி கில்லஸ்பியின் குதிரைப்படை ஆரணியிலிருந்து பாய்ந்து வந்தது என்றார். நானும் தலையாட்டினேன். வாத்தியார் லட்சணம்!

மறுநாள் காலை வகுப்பு வாசலில் வேர்த்து விறுவிறுத்து நிற்கிறார். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். "பிள்ளைங்களா, நேத்து ஆரணின்னு சொல்லிட்டேன். அது ஆற்காடு. அடிச்சுட்டு எழுதிக்குங்க." ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அப்புறம் ஞாயிறுதோறும் நானும் அவரோடு ஒட்டிக்கொண்டேன். திப்புவின் குடும்பத்தைச் சிறை வைத்த மஹால், கண்டியின் கடைசி ராஜா விக்கிரம ராஜசிங்கனின் கதை என்று எதைச் சொன்னாலும் பிள்ளைகள் கேட்பது சுரங்கப்பாதையைத்தான். "சுரங்கம் இருந்தா நான் ஏன்டா வெயில்ல பஸ்ஸுக்கு நிக்கிறேன்?" என்பார். சிரிப்பு அடங்கியதும், "நான் பார்த்ததில்லை. பார்க்காததைச் சொல்ல மாட்டேன்" என்பார்.

அவருக்குப் பிடித்த இடம் கோயிலின் கல்யாண மண்டபம். யாளித் தூண்களைப் படம் பிடித்துவிட்டு எல்லாரும் நகர்ந்துவிடுவார்கள். விதானத்தை யாரும் பார்ப்பதில்லை. தாமரையைச் சுற்றிக் கிளிகள் தலைகீழாகத் தொங்கும் அந்தக் கல்வேலை நிழலில் கிடக்கும். இவர் துணிப்பையிலிருந்து சவரக் கண்ணாடியை எடுப்பார். மண்டபத்தின் ஓரத்தில், வெயில் விழும் இடத்தில் நின்று லேசாகச் சாய்ப்பார். வெளிச்சம் தரையில் ஓடி, தூணில் ஏறி, ஒரு கிளியின் அலகில் போய் நிற்கும். பிள்ளைகள் "ஓ" என்பார்கள். அடுத்த கிளி. அதற்கடுத்த கிளி. ஒன்றையும் விடமாட்டார்.

அந்தக் கண்ணாடியை அவர் வீட்டு அம்மா என்னிடம் கொடுத்தார்கள். ஓரத்தில் ரசம் போயிருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை எடுத்துப்போனேன். எவ்வளவு சாய்த்தும் வெளிச்சம் யாளியின் காலைத் தாண்டி மேலே ஏறவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு பையன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான்.

"சார், இன்னும் கொஞ்சம் வெயிலுக்கு வாங்க" என்றான்.